முதுகைப் பார்த்து வாங்க

போன மாசம் மூன்று பேர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் கல்லூரியில் பாடம் எடுப்பவர், மற்ற இருவருக்கு ஏதோ உத்தியோகம். மூன்று பேரும் ஒரே நிறத்தில் பனியன் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காப்புக்காட்டுக்குள் நடக்கப் போகிற கூட்டமாம். செஞ்சியில் இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் ஒருவர் உண்டு, அவர் நினைவாக ஒரு மலர் போடுகிறோம், மலையடியில் பாதை தொடங்குகிற இடத்தில் அவர் பெயரில் ஒரு பலகை வைக்கப் போகிறோம், அவரோடு நடந்தவர்களில் இப்போது இருப்பது நீங்கள் ஒருவர்தான், நாலு வார்த்தை நல்லதாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

சரி என்றேன். இதோ எழுதுகிறேன். நாலு வார்த்தைக்கு மேலேயே வரும். நல்லதாக வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் பெயரை எழுத மாட்டேன். எந்த ஆபீஸில் இருந்தார் என்றும் சொல்ல மாட்டேன், அதைச் சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரிதான். சர்க்கார் உத்தியோகம், வேலூர்ப் பக்கத்து ஆள், அறுபதுகளின் தொடக்கத்தில் மாற்றலாகிச் செஞ்சிக்கு வந்தவர். இது போதும். பலகையில் அவர்கள் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். என் கையால் அந்தப் பெயர் விழாது.

எனக்கு அவர் முகத்தைவிட முதுகுதான் நன்றாகத் தெரியும். காக்கி அரைக்கைச் சட்டை. வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். பிடரியில் ஒரு மச்சம், காதுக்குப் பின்னால் கண்ணாடிக் கம்பி அழுத்திய தடம். மலை ஏற ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் நடுமுதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கும். அந்தக் கோடு அகன்று சட்டை முழுக்க நனைந்துவிட்டால் சுனை வந்துவிட்டது என்று அர்த்தம். கடிகாரம் பார்க்கவே வேண்டாம்.

முன்னால் போவார், திரும்பிப் பார்க்க மாட்டார். அதுதான் அவர். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

"நான் முன்னாடி போறேன். நீங்க என் முதுகப் பாத்து வாங்க, போதும்" என்று மலையடியில் ஒரு தடவை சொல்லுவார். அதற்குப் பிறகு எது சொன்னாலும் முன்பக்கம் பார்த்தபடியேதான். பின்னால் வருகிற நாங்கள் நின்றோமா, விழுந்தோமா, செருப்பு அறுந்ததா என்று கேட்க மாட்டார். யாராவது பாதியில் திரும்ப வேண்டுமானால் பின்னாலிருந்து "சார், நான் வரேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அவர் வலது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்குவார். போய் வா என்று அர்த்தம். கழுத்து ஒரு இம்மி திரும்பாது.

ஊரில் நடக்கும்போதும் இப்படித்தான். சந்தைக்குப் போனால் அவர் முன்னால், அவர் வீட்டு அம்மா பின்னால். காய் வாங்கிப் பையில் போட்டு, பையை அப்படியே முதுகுக்குப் பின்னால் நீட்டுவார். அம்மா வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் அந்த அம்மா பூக்காரியிடம் நின்றுவிட்டார். இவர் பின்னால் நீட்டிய பையை, மேல்மலையனூர் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த யாரோ ஒரு பெண் பிள்ளை மரியாதைக்கு வாங்கிக்கொண்டு, அவர் பின்னாலேயே தெருக்கோடி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தது. வீட்டு வாசலில்தான் இவருக்குத் தெரிந்தது. "கத்திரிக்கா நல்லா இருக்குதா பாரு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார் பாருங்கள்.

நான் யார் என்று சொல்லவில்லையே. நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம், ஊரில் எங்களை நயினார் என்பார்கள். கொஞ்சம் நிலம், ஒரு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். நான் நைனாவோடு, அதாவது அப்பாவோடு, மண்டியில் உட்காருவேன். மாற்றலாகி வந்த இவருக்குத் தினமும் ஒரு கை வறுத்த மல்லாட்டை வேண்டும், அதற்கு வருவார். அப்படித்தான் பழக்கம். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் கோட்டை பார்க்க வருகிறவர்கள். இவர் ஒருவர்தான் கோட்டையை ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு, "கல்லு நல்லா இருக்குது. காடு எங்க இருக்குது?" என்று கேட்டார்.

காப்புக்காடு பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். ஃபாரஸ்ட் கார்டிடம் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். அவர், நான், கோவிந்தசாமி டெய்லர், சைக்கிள் கடை வைத்திருந்த காதர் பாய், இந்த நாலு பேர்தான். முதல் ஞாயிறு நாங்கள் கிளம்பியபோது என் நைனா, "காட்டுக்கு வெறகுக்குப் போவாங்க, மாடு காணாமப் போனா தேடிப் போவாங்க. சும்மா நடக்கறதுக்குன்னே போறவங்கள இப்பதான்டா பாக்கறேன்" என்றார்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது. அந்தக் காட்டை எனக்குக் காட்டியவர் அவர்தான். பிறந்ததிலிருந்து தூரத்தில் பார்த்த மலை, அவர் வந்த பிறகுதான் உள்ளே போனேன். உசிலை எது, வெப்பாலை எது, எந்தச் சுனையில் பங்குனியிலும் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவர் முதுகு சொன்னதுதான். அதைவிட அவர் காது. எங்கேயோ ஒரு சத்தம் வரும். "செம்போத்து. ஈச்சம்புதர்ல இருக்குது" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். ஆள்காட்டி ஒரு மாதிரி கத்தினால் "மேல ஆளு நடமாட்டம்", வேறு மாதிரி கத்தினால் "குஞ்சு இருக்குது, சுத்திப் போங்க" என்பார். ஒரே பறவையின் ரெண்டு கத்தலுக்கு வித்தியாசம் தெரிந்த காது அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் அவருக்குக் கிண்டல் அதிகம். நான் சுனையில் தண்ணீர் எடுத்தால் வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பேன். எங்கள் வழக்கம். "நயினாரே, மீனு எதனா மாட்டுதா?" என்பார், திரும்பாமலேயே. பொழுது இறங்கிய பிறகு நான் சாப்பிட மாட்டேன், அதுவும் எங்கள் வழக்கம். அதனால் அவர்கள் உச்சி வரை போகிற நாட்களில் நான் பாதி வழியில், காட்டோடையில், விடை சொல்லித் திரும்பிவிடுவேன். நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் வெளிச்சத்தில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிடலாம். "சார், வரேன்" என்பேன். கை மேலே போகும்.

அந்த ஞாயிறு பங்குனியில். காடு முழுக்கச் சருகு. அன்றைக்கு நான் திரும்பப் போவதில்லை. வீட்டில் என் மனைவி எள்ளு சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். மலையிலேயே பொழுதோடு சாப்பிட்டுவிட்டு இவர்களோடு உச்சியைப் பார்த்து வருவதாக ஏற்பாடு. காலையில் பஸ்ஸிலேயே அவரிடம் சொன்னேன், "இன்னிக்கு டப்பா கொண்டாந்திருக்கேன் சார். கடேசி வரைக்கும் வரேன்" என்று. "நல்லது" என்றார். சொன்னேனா இல்லையா என்பதற்கு டெய்லர் சாட்சி.

சுனையில் நான் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்ததில் பின்தங்கிவிட்டேன். அவர்கள் ஓடையைத் தாண்டி எதிர்ச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேகமாகப் போனேன். ஓடைப் பாறைமேல் சருகு மூடியிருந்தது, கால் வழுக்கி ரெண்டு பாறைக்கு நடுவில் இறங்கியது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, கால் சாயவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"சார்" என்று கத்தினேன்.

எதிர்ச் சரிவில், வெட்டவெளியில், அந்தக் காக்கி முதுகு எனக்கு நன்றாகத் தெரிந்தது. நின்றது. வலது கை தலைக்கு மேலே போனது. பிறகு முதுகு நடந்தது.

நான் மறுபடி கத்துவதற்குள் மூன்று பேரும் மேடு தாண்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு கத்தியதெல்லாம் காட்டுக்குத்தான். அவர்கள் மறுபக்கம் இறங்கி வேறு வழியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். டெய்லர் பிற்பாடு என்னிடம் சொன்னது இது. சத்தம் கேட்டு "இன்னா சார்?" என்று டெய்லர் கேட்டிருக்கிறார். "நயினாரு மனசு மாறிட்டாரு போல. சாப்பாட்டுக்குக் கெளம்பிட்டாரு" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தபடி ஏறியிருக்கிறார்கள்.

வெளிச்சம் இருந்தவரை கத்திக்கொண்டே இருந்தேன். பையில் சாதம் இருக்கிற ஞாபகம் வந்தபோது சூரியன் பாறைக்குப் பின்னால் போய்விட்டது. சாப்பிடவில்லை. உயிர் போகிற சமயத்தில்கூடவா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். வீட்டிலிருந்து என் தம்பி அவர் வீட்டுக்குப் போய் விசாரித்தானாம். "நாலு மணிக்கே சொல்லிட்டுப் போயிட்டாரே" என்றாராம். அப்படியானால் வல்லத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருப்பான், பொழுதாகிவிட்டால் அங்கே சாப்பிட்டுத் தங்குவது வழக்கம்தானே என்று எங்கள் வீட்டிலும் கதவைச் சாத்திப் படுத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் சுள்ளி பொறுக்க வந்த மூன்று பெண்கள் என்னைப் பார்த்து, பாறையைப் புரட்டி, ஒரு புடவையில் தூளி கட்டி, கொம்பில் மாட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் பெயரை வேண்டுமானால் பலகையில் போடலாம்.

எலும்பு கூடியது. ஆனால் கால் ஒரு அங்குலம் குட்டையாகக் கூடியது.

அவர் பார்க்க வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். கேட்டது என்று சொல்ல வேண்டும். உன் சத்தம் கேட்டது, அது விடை சொல்கிற சத்தம் இல்லை என்று தெரிந்தது, நான் திரும்பவில்லை. இவ்வளவுதான். அழ வேண்டாம், கையைப் பிடிக்க வேண்டாம்.

"நீங்க சார்ன்னீங்க, நான் கையக் காட்டினேன். சொல்லிட்டுப் போறவர நான் இன்னான்னு நிறுத்தறது நயினாரே?" என்றார்.

கடைத்தெருவிலும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் போனார், போகிற வழியில் விழுந்துவிட்டார், பாவம். பாவமாம். ஆள்காட்டியின் ரெண்டு கத்தலுக்கு வித்தியாசம் தெரிந்தவருக்கு, எலும்பு முறிந்தவன் கத்தலுக்கும் போய் வருகிறேன் என்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் எதையும் சொல்லலாம்.

அன்றைக்கு மனசில் ஒரு கொள்ளியை வைத்துக்கொண்டேன். அஹிம்சை பேசுகிற குலத்தில் பிறந்தவன் நான். தரையில் எறும்பு போனால் காலைத் தூக்கி வைப்பேன். ஓடைப் பாறையில் கிடந்தபோது முறிந்த காலில் எறும்பு ஏறியது, அதைக்கூட ஊதித்தான் விட்டேன். ஆனால் இவரை விடுவதாக இல்லை.

என் பழி எப்படிப்பட்டது என்றால், முதலில் சின்னதாக ஆரம்பித்தது. மண்டிக்கு அவர் மல்லாட்டைக்கு வந்தால் சொத்தையாகப் பொறுக்கிப் போடுவேன். ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்லை, அதுவும் எனக்கு எரிச்சல். வருஷம் ஒன்று ஆனதும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை பஸ்ஸில் போய் ஏறினேன். டெய்லர் எழுந்து இடம் கொடுத்தார். அவர் முன்சீட்டில், முன்னால் பார்த்தபடி. "வந்துட்டீங்களா நயினாரே" என்றார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவருக்கு நேர் பின்னால் நான்தான். வேறு யாரையும் விடமாட்டேன். நல்ல கால் சருகில் ஒரு சத்தம், குட்டைக் கால் இழுத்துக்கொண்டு ஒரு சத்தம், கோல் பாறையில் ஒரு சத்தம். சரக், சர்ர், டக். அந்தச் சத்தத்தை வாரா வாரம் கொண்டுபோய் அந்த முதுகில் வைத்தேன். நீ திரும்பாவிட்டால் போ, கேட்டுக்கொண்டே நட. ஆறு வருஷம் இப்படி. அவர் நடை வரவரக் குறைந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். இப்போதும் அப்படியே நினைக்கத்தான் விரும்புகிறேன்.

"எறும்புக்கு மாவு போடற வீட்ல இன்னாத்துக்குங்க இப்படி ஒரு பாம்ப வளக்கறீங்க? ஒண்ணு, நேருக்கு நேர் கேட்டுடுங்க. இல்லாட்டி அவரு கூட போவாதீங்க" என்பாள் என் மனைவி.

கேட்கலாம். நான் கேட்டு அவர் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? தானாக வர வேண்டும். அதற்காகத்தானே ஆறு வருஷம் நொண்டிக்கொண்டு மலை ஏறினேன்.

அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை பஸ் ஏற வேண்டும், அதற்கு முந்தின ஞாயிறு கடைசியாக ஒரு நடை என்றார். அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர்க் கூட்டத்துக்குச் சைக்கிள் வாடகைக்கு விட காதர் பாய் கடையைவிட்டு நகர மாட்டார். டெய்லர் வீட்டில் அமாவாசைப் படையல். நாங்கள் ரெண்டு பேர்தான் போனோம். விபத்துக்குப் பிறகு நான் எப்போதும் பையில் ரெண்டு டப்பா வைத்திருப்பேன், மத்தியானத்துக்கு ஒன்று, பொழுது சாய்வதற்குள் சாப்பிட ஒன்று.

உச்சிக்குப் போய்த் திரும்பி, ஓடைக்கு மேலே சரிவில் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதையில் சூரைமுள் அடர்ந்திருந்தது. அவர் ஒரு கிளையை விலக்கினார், அது கையைவிட்டு நழுவி முகத்தில் அடித்து, கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பாறையில் போட்டது. சோடாபுட்டிக் கண்ணாடி. ரெண்டு பக்கமும் போயிற்று. அது இல்லாவிட்டால் நீட்டிய கை அவருக்குத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும்.

அவர் நின்றுவிட்டார். நான் பத்தடி பின்னால் நின்றுவிட்டேன்.

"நயினாரே, கண்ணாடி போயிடுச்சு. கொஞ்சம் முன்னாடி வாங்க" என்றார்.

வாயைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. சத்தம் வராமல் ஒரு பாறையில் உட்கார்ந்தேன், கோலை மடியில் வைத்துக்கொண்டேன்.

"நயினாரே."

இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக, "நயினாரே."

எனக்கு எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. பத்தடி தள்ளிச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய்விடலாம். பஸ்ஸைப் பிடித்து, வெளிச்சத்தில் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். யாராவது கேட்டால் சொல்லவேண்டிய பதில்கூட அவர் எனக்குத் தயாராக வைத்திருந்தார். நயினாரேன்னு கூப்ட்டாரு, நான் கையக் காட்டினேன். சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள்ளேயே. நன்றாக இருந்தது. என் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினேன். அவருக்குத் தெரியாது என்று தெரிந்துதான் தூக்கினேன். அது எனக்காக.

அப்போது அவர் திரும்பினார்.

அத்தனை வருஷத்தில் காட்டுக்குள் அந்த முகத்தை நான் பார்த்தது அப்போதுதான். கண்ணாடி இல்லாத கண் சின்னதாக இருந்தது. மூக்கின் ரெண்டு பக்கமும் வெள்ளையாக ரெண்டு தடம், முள் கிழித்த இடத்தில் கன்னத்தில் ரத்தம். நான் இருந்த பக்கமே பார்த்தார். என்னைத் தெரியவில்லை, ஆனால் பார்த்தார். பிறகு கையால் தடவி ஒரு பாறையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

வெயில் மஞ்சளாகிவிட்டது.

"பொழுது சாயுது நயினாரே" என்றார், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில். "டப்பாவ எடுத்து சாப்புடுங்க. அப்புறமா யோசிச்சுக்கலாம்."

எனக்கு உடம்பு எரிந்தது. கோல் சத்தம் எங்கே நின்றது என்று அந்தக் காதுக்குத் தெரியாதா? நான் உட்கார்ந்ததும் தெரியும், ஏன் உட்கார்ந்தேன் என்பதும் தெரியும். பயந்து கத்துவார், கெஞ்சுவார் என்று இருந்தவனுக்குச் சாப்பாட்டை ஞாபகப்படுத்துகிறார். சூரியன் என்னவோ இறங்கிக்கொண்டுதான் இருந்தது. என்ன செய்வது? டப்பாவைத் திறந்தேன்.

"எள்ளு வாசனை வருது" என்றார்.

அவருக்கு ஒரு வாய் கொடுக்கவில்லை. கடைசிப் பருக்கை வரைக்கும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து தின்றேன், கையைக் கழுவினேன், டப்பாவை மூடினேன். பிறகு எழுந்து போய் அவர் கையை எடுத்து என் தோளில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாப்பிட்ட பிறகு விட்டுவிட்டுப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

நான் முன்னால், அவர் பின்னால். என் குட்டைக் காலுக்குத் தகுந்தபடி அவர் கால் வைத்தார். தடுமாறவே இல்லை. ஓடைக்கு வந்ததும் அவர் கை என் தோளை அழுத்தியது, நின்றோம்.

"இதுதான அந்த எடம்?" என்றார்.

"எது சார்?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"அன்னிக்குக் கேட்டுது நயினாரே. வரேன்னு சொல்ற கொரலு இல்ல அது, தெரிஞ்சுது. திரும்பினா நிக்கணும். நின்னா அன்னிக்கு உச்சிக்குப் போவ முடியாது. கையத் தூக்கிட்டு, சாப்பாட்டுக்குத்தான் போறாருன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அப்புறம் ஊருக்கும் அதையே சொல்லிட்டேன்."

ஏழு வருஷம் காத்திருந்த சொல். ஒன்று குறையாமல் வந்துவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிடக் கூடவே வந்தது.

"பாத்து வைங்க சார். பாறை வழுக்கும்" என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். "அப்பாடா, சொல்லிட்டாரு இல்ல? இனிமே நிம்மதியா தூங்குங்க" என்றாள். தூக்கமா வரும்? படுத்தபடி யோசித்ததில்தான் விஷயம் புரிந்தது. கண் தெரியாமல், நடுக்காட்டில், என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதன் சொன்ன சொல் அது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நான் அவரை விட்டுவிட்டுப் போக இருந்தேன், அது அவருக்கும் தெரியும். மனசறிந்து சொன்னாரா, வீடு போய்ச் சேர வேண்டும் என்று சொன்னாரா? தானாக வர வேண்டும் என்று ஏழு வருஷம் காத்திருந்துவிட்டு, கடைசியில் கழுத்தைப் பிடித்து வாங்கிவிட்டேன். நானே கெடுத்தேன். அதற்கும் சேர்த்து அவர்மேல்தான் கோபம் வந்தது.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்குப் போனேன். யாரும் பார்க்காத மாதிரி சோடா வண்டிக்குப் பின்னால் நின்றேன். டெய்லர் மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். காதர் பாய் ஒரு பொட்டலம் கொடுத்தார். அவர் பழைய கண்ணாடி ஒன்றைத் தேடி எடுத்து மாட்டியிருந்தார், ஒரு பக்கம் கம்பிக்குப் பதில் நூல் கட்டியது. அம்மா ஏறினார், அவர் ஏறினார், ஜன்னலோரம் உட்கார்ந்தார். "நயினாரு வரலியா?" என்று அவர் டெய்லரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

இப்போது அவருக்குக் கண் தெரியும். காலடியில் தார் ரோடு. என்னால் அவருக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. நான் நாலடி முன்னால் போய் ஜன்னலுக்குக் கீழே நின்றால் போதும். சொல்ல இருந்தால் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் அதுவும் தெரிந்து போயிருக்கும்.

நான் போகவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்பக்கம் பார்த்தார். பஸ் நகர்ந்தது, அப்போதும் பார்த்தார். காட்டில் ஒரு தடவைதான் திரும்பிய கழுத்து, திண்டிவனம் ரோட்டு வளைவு வரைக்கும் திரும்பியேதான் இருந்தது. நான் சோடா வண்டியைவிட்டு நகராமல், கையையும் தூக்காமல் நின்றேன்.